இறுக்கவும் வேண்டும், தளர்த்தவும் வேண்டும்: இடுப்புத் தளத் தசைகள் குறித்து வாசகர் கேள்விகள்

இருமினால் சிறுநீர் கசிவது, அடி இறங்குவது, தாம்பத்திய உறவில் வலி, புராஸ்டேட் அறுவைக்குப் பிந்தைய கசிவு ஆகியவை குறித்து வந்த கடிதங்களில் ஆறினைத் தேர்ந்தெடுத்துள்ளோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். பெண்கள் நலத்துறையில் பணியாற்றும் இயன்முறை சிகிச்சையாளர் பதிலளிக்கிறார்.

எனக்கு இரண்டாவது பிரசவம் ஆகி எட்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டாவது குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதிலிருந்து தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது. யூடியூபில் பார்த்து ஒரு மாதமாகக் கெகல் பயிற்சி செய்கிறேன். கசிவு குறையவில்லை, கீழே ஏதோ கனமாக இழுப்பது போலவும் இருக்கிறது. "பிள்ளை பெற்றால் இப்படித்தான், வயிற்றை இறுக்கிக் கட்டு, போய்விடும்" என்கிறார் அம்மா. (வாசகி, வயது 34, திருச்சி)

உங்கள் அம்மாவின் தலைமுறையில் இதைப் பொறுத்துக்கொண்டவர்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் பலருக்கும் வருகிறது என்பதால் அதற்குச் சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது. வயிற்றுக்குத் துணி கட்டினால் இடுப்புக்குச் சற்றுத் தெம்பாக இருக்கலாம். சிறுநீரை அடக்கும் தசைக்கு அதனால் பயிற்சி எதுவும் கிடைப்பதில்லை.

அடிவயிற்றின் முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, ஒரு தூளியைப் போல விரிந்திருப்பவை இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவதும், சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகியவற்றைத் தேவைப்படும்போது மூடித் திறப்பதும் இவற்றின் வேலை. குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசைகள் பல மடங்கு நீள்கின்றன. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் சிலருக்குத் தசை எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலேயே கிழிவதும் உண்டு. தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென உயர்கிறது. அந்த நொடியில் தசை மேலெழுந்து துவாரத்தை மூடாவிட்டால் கசிகிறது. இதை அழுத்தக் கசிவு என்கிறோம்.

இனி உங்கள் பயிற்சி ஏன் பலன் தரவில்லை என்பதைப் பார்ப்போம். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி விடும் இந்தப் பயிற்சிக்குத் தன் பெயரைக் கொடுத்த அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், 1948-இல் தன் முறையை வெளியிட்டபோது, "இறுக்குங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடவில்லை. முதலில் விரலால் சோதித்து எந்தத் தசை என்பதை உணர்த்தினார்; பிறகு பெரினியோமீட்டர் என்னும் அழுத்தமானியைக் கொடுத்து, முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே பழகச் செய்தார். இன்று காணொளிகளில் அவருடைய பெயர் மட்டும் இருக்கிறது, சோதனையைக் காணோம். 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுருக்கமாக வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேரே சரியாகச் செய்தனர். நான்கில் ஒருவர் கசிவைத் தூண்டக்கூடிய விதத்தில் கீழ்நோக்கி முக்கினார். கனமாக இழுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், நீங்களும் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கு எழுகிறது. உறுப்பு ஏதேனும் சற்று இறங்கியிருக்கிறதா என்பதையும் மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழங்காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வாயு வெளியேறாமல் அடக்குவதைப் போல ஆசனவாயைச் சுருக்கி, அந்த இறுக்கத்தைச் சிறுநீர்த் துவாரம் வரை முன்னோக்கிக் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதி உள்ளே போனால் சரி. வெளியே பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது.

மருத்துவமனைச் சோதனையைப் பற்றிப் பலருக்கு அச்சம் இருக்கிறது. உங்கள் சம்மதத்தைக் கேட்ட பிறகே, கையுறை அணிந்த ஒரு விரலால் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். எத்தனை நொடி பிடிக்க முடிகிறது, எத்தனை முறை செய்ய முடிகிறது, பிடித்த பிறகு முழுமையாக விட முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். வேண்டாம் என்று எந்த நிலையிலும் நீங்கள் சொல்லலாம். வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் மூலமும் ஓரளவு பார்க்க முடியும்.

பயிற்சியின் அளவு இந்தச் சோதனையிலிருந்தே பிறக்கிறது. மூன்று நொடிதான் பிடிக்க முடிகிறது என்றால் மூன்று நொடி பிடித்து, குறைந்தது அதே அளவு நேரம் விட்டு, அதிலிருந்து படிப்படியாக எட்டு, பத்து நொடிகளுக்கு உயர வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் என்பது சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் சொல்லும் அளவு. இதனுடன் சட்டென இறுக்கிச் சட்டென விடும் வேகப் பயிற்சியும் வேண்டும், ஏனென்றால் தும்மல் பத்து நொடி அவகாசம் கொடுத்து வருவதில்லை. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் தசையை இறுக்கி, அதன் பிறகு தும்மப் பழகுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பும் அப்படியே. இந்த ஓர் உத்தியே சிலருக்குச் சில நாட்களில் கசிவைக் குறைத்துவிடுகிறது.

முறையாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 31 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகக் கூறினர். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிக் கூறியவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே. "நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், தசை தானாக வலுப்பெறும்" என்று விளம்பரம் செய்யும் இயந்திரங்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவதற்கு முன், சரியாகச் செய்த மூன்று மாதப் பயிற்சி உங்களுக்குப் பலனளித்ததா என்று பாருங்கள். தசையை அசைக்கவே முடியாதவர்களுக்கு மின்தூண்டல் உதவலாம். எல்லோருக்கும் அது முதல் சிகிச்சையாகாது.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை மட்டும் தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாவதை அது கெடுக்கும்.

யோகாசன வகுப்பில் மூலபந்தம் கற்றுக்கொண்டேன். கெகல் பயிற்சியும் அதுவும் ஒன்றுதானா? (வாசகர், வயது 50, ஈரோடு)

சுருங்கும் தசைகள் பெரும்பாலும் அவையே. நோக்கமும் அளவும் வேறு. ஆசனவாய்ப் பகுதியை உள்ளிழுத்து இறுக்கும் மூலபந்தம் மூச்சுப் பயிற்சியுடனும் தியானத்துடனும் இணைந்தது, பெரும்பாலும் மூச்சை நிறுத்தியே செய்யப்படுகிறது. சிகிச்சைப் பயிற்சியில் மூச்சு இயல்பாக ஓட வேண்டும், எத்தனை நொடி, எத்தனை முறை என்பது நோயாளிக்கு நோயாளி மாறும். உங்களுக்குத் தொல்லை எதுவும் இல்லையென்றால் தொடருங்கள். அடிவயிற்றிலோ ஆசனவாய்ப் பகுதியிலோ வலி இருந்தால் நிறுத்திவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். காரணம் இதற்கு அடுத்த கடிதத்திற்கான பதிலில் இருக்கிறது.

திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இன்னும் எங்களால் முழுமையாக உறவு கொள்ள முடியவில்லை. முயன்றால் தாங்க முடியாத எரிச்சலும் வலியும். உடம்பு தானாகவே இறுகிக்கொள்கிறது. கணவர் பொறுமையானவர்தான். ஆனால் மாமியார் "விசேஷம் உண்டா" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். தோழி ஒருத்தி கெகல் பயிற்சி செய்யச் சொன்னாள், செய்த பிறகு வலி கூடியிருக்கிறது. (வாசகி, வயது 26, கோயம்புத்தூர்)

கெகல் பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் தசை பலவீனமாக இருப்பதாக உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. அது ஓய்வெடுக்க மறந்திருப்பதாகவே தோன்றுகிறது. ஏற்கெனவே இறுகியிருக்கும் தசையை மேலும் இறுக்கப் பழக்கினால் வலி கூடாமல் என்ன செய்யும்? இடுப்புத் தளம் என்றாலே கெகல் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில் நான் அதிகம் கவலைப்படுவது உங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான்.

நீங்கள் விவரிப்பதை மருத்துவத்தில் வஜைனிஸ்மஸ் என்பார்கள். வலி வரும் என்று மூளை எதிர்பார்த்ததுமே தசை தற்காப்பாகச் சுருங்குகிறது, சுருங்கியதால் வலிக்கிறது, வலித்ததால் அடுத்த முறை இன்னும் முன்னதாகவே சுருங்குகிறது. இது உங்கள் விருப்பமின்மையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கண்ணருகே விரலைக் கொண்டுவந்தால் இமை மூடிக்கொள்வதை யாராலும் மனதால் தடுக்க முடிகிறதா? தொற்று, தோல் நோய், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்ற வேறு காரணங்கள் வலிக்கு உண்டா என்பதை முதலில் மகளிர் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். ஆனால் அந்தச் சோதனையும் உங்கள் வேகத்தில்தான் நடக்க வேண்டும். கன்னிச்சவ்வு தடித்திருக்கிறது, அறுத்துவிடலாம் என்று அவசரமாகச் சொல்பவர்களிடம் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். அது உண்மையிலேயே காரணமாக இருப்பது அரிது. "பல்லைக் கடித்துக்கொள், ஒருமுறை முடிந்தால் சரியாகிவிடும்" என்னும் அறிவுரையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வலியோடு முயலும் ஒவ்வொரு முறையும் அந்தத் தற்காப்பு வலுக்கிறது. ஆகவே சிகிச்சை முடியும் வரை உறவு முயற்சியை நிறுத்தி வைப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். நெருக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை.

சிகிச்சை மூச்சிலிருந்து தொடங்கும். மல்லாந்து படுத்து, கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, வயிறு உயரும்படி மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். உதரவிதானம் கீழிறங்கும்போது இடுப்புத் தளமும் அதனுடன் மெல்ல இறங்கித் தளர்கிறது. இந்தத் தளர்வை உணரப் பழகுவதுதான் முதல் பாடம். பாலாசனமும், முழங்கால்களை அகட்டி நெஞ்சை நோக்கி இழுத்துக்கொள்ளும் நிலையும் இதற்குத் துணை செய்யும். அதன் பிறகு சிகிச்சையாளர் வெளிப்புறத் தசைகளைத் தொட்டுத் தளர்த்துவார். நீங்களே கண்ணாடி பார்த்து உங்கள் உடலை அறிந்துகொள்வீர்கள். பின்பு உங்கள் விரல் நுனி, அடுத்து டைலேட்டர் எனப்படும், சுண்டுவிரல் அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் வழவழப்பான குழாய்கள். போதிய ஜெல் தடவி, மூச்சை வெளியே விட்டபடி, வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அடுத்த அளவுக்கு எப்போது போவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள், காலண்டரோ மாமியாரோ இல்லை. கணவரை ஒருமுறையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். பொறுமையானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தன்னை ஒதுக்குவதாக அவர் மனதில் ஓர் ஓரத்தில் எண்ணிக்கொண்டிருந்தால், சிகிச்சையாளர் சொல்லக் கேட்கும்போது அது விலகும். அச்சம் ஆழமாக இருந்தால் மனநல ஆலோசகரும் குழுவில் இருப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள்.

ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. காலை பத்து மணி முதல் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். கழிப்பறை நான்காவது மாடியில். அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இப்போதெல்லாம் சிறுநீர் வருகிறது என்று தோன்றியதும் ஓட வேண்டியிருக்கிறது, சில நாள் கதவைத் திறப்பதற்குள் உடை நனைந்துவிடுகிறது. (வாசகி, வயது 41, மதுரை)

உங்களுக்கு வருவது அவசரக் கசிவு. முதல் கடிதத்தில் உள்ள அழுத்தக் கசிவிலிருந்து வேறுபட்டது. சிறுநீர்ப்பை தான் நிரம்புவதற்கு முன்பே சுருங்கத் தொடங்குகிறது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தொற்று இருந்தாலும், கட்டுக்குள் வராத சர்க்கரை இருந்தாலும் இதே தொல்லை வரும். அதற்குப் பயிற்சி மட்டும் போதாது.

தண்ணீரைக் குறைப்பதால் கசிவு குறையும் என்று நினைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி வகுக்கும். ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். காப்பி, தேநீர் ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம்.

மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது. விடுமுறை நாள் ஒன்றில் அளவுக் குவளையில் பிடித்து அளந்தும் பாருங்கள். வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். ஒவ்வொரு முறையும் நூறு, நூற்றைம்பது மட்டும் வந்தால் பை நிரம்பாமலேயே அவசரப்படுகிறது என்று பொருள். குறிப்பில் சராசரி இடைவெளி ஒரு மணி நேரம் என்று தெரிந்தால், அதிலிருந்து தொடங்கி வாரத்துக்குக் கால் மணி நேரம் வீதம் கூட்டி, மூன்று மணி நேரம் வரை கொண்டு செல்லலாம். இதற்கு எட்டு வாரங்களாவது ஆகும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓடும்போதுதான் அதிகம் கசியும். நின்ற இடத்திலேயே நின்று, இடுப்புத் தளத்தை ஐந்தாறு முறை சட்டுச் சட்டென இறுக்கி விடுங்கள். அந்தச் சுருக்கம் சிறுநீர்ப்பையின் சுருக்கத்தை அடக்கும். அலை தணிந்ததும் நிதானமாக நடந்து செல்லுங்கள். "எதற்கும் போய்விட்டு வருவோம்" என்று தோன்றாமலேயே போகும் பழக்கத்தையும் விடுங்கள்.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இருக்கை கேட்கச் சட்டம் வர வேண்டியிருந்தது என்றால், கழிப்பறைக்குப் போய்வர ஒரு பெண் முறைப்பைச் சம்பாதிக்க வேண்டியிருப்பதில் வியப்பில்லை. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். வாயால் கேட்டால் கிடைக்காதது பல இடங்களில் காகிதத்துக்குக் கிடைக்கிறது.

புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சுரப்பியை முழுமையாக அகற்றி ஆறு வாரங்கள் ஆகின்றன. குழாய் எடுத்த பிறகு எழுந்தால், நடந்தால் சொட்டுகிறது; மாலையில் மிக அதிகம். இந்த வயதில் இனி டயப்பர்தானா? (வாசகர், வயது 67, சேலம்)

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த அறுவைக்குப் பிறகு சிறுநீரை அடக்கும் பொறுப்பின் பெரும்பகுதி இடுப்புத் தளத்தின் மேல் விழுகிறது. அதற்குப் பழக அவகாசம் வேண்டும். பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைகிறது, ஓராண்டு வரைகூட முன்னேற்றம் தொடரும். மாலையில் அதிகமாவதற்குக் காரணம், பகலெல்லாம் உழைத்த தசை சோர்ந்துவிடுவதே. ஆகவே பிற்பகலில் அரை மணி நேரம் படுத்து ஓய்வெடுங்கள்.

ஆண்கள் இந்தப் பயிற்சியில் செய்யும் வழக்கமான பிழை, ஆசனவாயை மட்டும் இறுக்குவது. ஆணுறுப்பை உள்ளே இழுத்துச் சுருக்குவதாக எண்ணி முன்பகுதியை இறுக்குங்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தால் உறுப்பின் அடிப்பகுதி சற்று உள்வாங்கி, விரைப்பை சிறிது மேலேறுவது தெரியும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பு இறுக்கி, எழுந்து நின்ற பிறகு விடுங்கள். சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் அதிகம் வந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள்.

எனக்கு அடி இறங்கியிருக்கிறது. மாலையில் கீழே ஒரு உருண்டை தட்டுப்படும், படுத்தால் உள்ளே போய்விடும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்குவது நான்தான். மலச்சிக்கலும் உண்டு. (வாசகி, வயது 58, புதுக்கோட்டை மாவட்டம்)

இறங்கியிருப்பது கர்ப்பப்பைதானா, சிறுநீர்ப்பையா, மலக்குடலின் முன்சுவரா என்பது சோதித்தால்தான் தெரியும். மூன்றையும் நம் ஊரில் அடி இறக்கம் என்றே சொல்கிறோம். கர்ப்பப்பையை எடுப்பதால் மட்டும் தளர்ந்துபோன தாங்கல் வலுவாகிவிடாது. எடுத்த பிறகு யோனியின் மேற்பகுதி இறங்கி வருவதும் உண்டு. முற்றிலும் வெளியே வந்துவிட்டவர்களுக்கும், மற்ற வழிகள் பலிக்காதவர்களுக்கும் அறுவை தேவைப்படலாம். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது பயிற்சி. லான்செட் மருத்துவ இதழில் 2014-இல் வெளியான, பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், சிகிச்சையாளரிடம் தனித்தனியாகப் பயிற்சி பெற்ற பெண்களுக்கு இறக்கத்தின் தொல்லைகள் ஓராண்டில் குறைந்திருந்தன. நன்கு இறங்கிவிட்ட உறுப்பு பயிற்சியால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கனமும் இழுப்பும் குறைந்து அன்றாட வேலை எளிதாகும். இரவில் படுத்திருக்கும்போது தொடங்குங்கள், அந்த நிலையில் உறுப்புகளின் எடை தசையின் மேல் விழாது.

இரண்டாவது, அழுத்தத்தைக் குறைப்பது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதாவது ஒவ்வொரு நடைக்கும் 15 கிலோ. பாதிக் குடமாகப் பிடித்து நடைகளைக் கூட்டுங்கள், அல்லது மகனையும் மருமகளையும் இரண்டு நடை தூக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து தூக்காமல் ஒரு திண்டின் மேல் வைத்துத் தூக்குங்கள். முதலில் இடுப்புத் தளத்தை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்க வேண்டும். மலச்சிக்கலைத் தீர்க்காமல் வேறெதுவும் நிலைக்காது, ஏனென்றால் காலையில் பத்து நிமிடம் முக்குவது நாள் முழுவதும் செய்த பயிற்சியைக் கெடுத்துவிடும். குந்தி உட்காரும் கழிப்பறையில் மலக்குடலின் வளைவு நேராகி வழி எளிதாகிறது. முழங்கால் வலியால் மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறியிருந்தால், பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு மணையைப் போட்டு முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னோக்கிச் சாய்ந்து உட்காருங்கள். முக்காமல், வயிற்றை முன்னே தள்ளி மூச்சை மெதுவாக விடுங்கள்.

மூன்றாவது, பெஸரி என்னும் சிலிக்கான் வளையம். மகளிர் மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். உருண்டை தட்டுப்படாமல் அது தாங்கிக்கொள்ளும், அதை வைத்துக்கொண்டே பயிற்சியும் செய்யலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு உட்பகுதி உலர்ந்திருப்பதால் ஈஸ்ட்ரஜன் களிம்பு தேவையா என்று அவரிடமே கேளுங்கள். வளையத்தை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிச் சோதித்து மீண்டும் வைக்க வேண்டும். இடையில் இரத்தமோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ வந்தால் தவணை வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.